லேபிளில் எந்த நம்பரைப் போடுவது?

கேள்வி (கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகி):

"வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி, சத்துமாவு செய்து விற்கிறேன். மூன்று வருடமாக நடக்கிறது. இதுவரை வீட்டுக்காரர் நம்பரைத்தான் எல்லாருக்கும் கொடுத்திருக்கிறேன். அவர் மில்லில் ஷிப்டில் இருக்கும்போது ஆர்டர் வந்தால் எனக்குத் தெரிவதில்லை. நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்கினால் கால் வந்து எழுப்பிவிடுகிறது. இப்போது புதிதாக 2,000 லேபிள் அச்சடிக்கக் கொடுக்க வேண்டும். தம்பி, 'நான் ஒரு சிம் வாங்கித் தருகிறேன், உன் போனிலேயே இரண்டாவது சிம்மாகப் போட்டுக்கொள்' என்கிறான். மாமனார், 'லேண்ட்லைன் நம்பர் இருந்தால்தான் ஜனங்கள் நம்புவார்கள்' என்கிறார். 1800 நம்பர் வாங்கித் தருகிறோம் என்று ஒரு கம்பெனியிலிருந்தும் பேசினார்கள். எது சரிப்படும்? எந்த கம்பெனி சிம் நல்லது? பழைய கஸ்டமர்களை எப்படிப் புது நம்பருக்குக் கொண்டுவருவது?"

பதில்:

லேபிளை ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள், சகோதரி. எந்த கம்பெனி சிம் என்ற கேள்விதான் எல்லாருக்கும் முதலில் வருகிறது. சிறு தொழில்களுக்கு போன் இணைப்பு அமைத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிற எனக்கு அதுதான் கடைசிக் கேள்வி. கம்பெனி பிடிக்கவில்லை என்றால் நம்பரை அப்படியே வைத்துக்கொண்டு வேறு கம்பெனிக்கு மாறிவிடலாம். 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க அந்த வசதி இருக்கிறது. ஆனால் 2,000 லேபிளில் அச்சாகிப் போன நம்பரை மாற்ற வழியில்லை. அந்த நம்பர் யார் பெயரில் இருக்க வேண்டும், எந்த போனில் இருக்க வேண்டும், அதோடு வேறு எதெல்லாம் ஒட்டிக்கொண்டு இருக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டால் மிச்சமெல்லாம் எளிது.

நம்பரே போடாமல் விட்டுவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். முடியாது. முன்கூட்டியே பொட்டலம் கட்டி விற்கும் பொருளில், புகார் இருந்தால் யாரைக் கூப்பிட வேண்டுமோ அவருடைய பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் இருக்க வேண்டும் என்கிறது 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருட்களுக்கான எடையளவு விதி. மின்னஞ்சலை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தை விடுங்கள், உங்கள் பருப்புப் பொடி தீர்ந்துபோனவர் காலி பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் அடுத்த ஆர்டருக்குக் கூப்பிடுவார்.

முதலில் தம்பி சொன்னதைப் பார்ப்போம். அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அவர் வாங்கித் தரும் சிம் அவருடைய ஆதாரில், அவருடைய பெயரில் இருக்கும். சிம் தொலைந்தால் டூப்ளிகேட் வாங்க அவர்தான் ஷோரூமில் போய் நிற்க வேண்டும். கம்பெனி மாற வேண்டுமென்றால் அங்கே அடையாளம் காட்ட வேண்டியதும் அவர்தான். அவர் வேலைக்கு வெளியூர் போய்விட்டாலோ, அக்கா தம்பி வீடுகளில் எல்லா இடத்திலும் வருகிற மாதிரி ஒரு மனத்தாங்கல் வந்துவிட்டாலோ, உங்கள் வியாபாரத்தின் வாசல் சாவி வேறொருவர் கையில். வீட்டுக்காரர் நம்பருக்கும் இதே பேச்சுதான்; அது குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதால் இவ்வளவு நாள் உறுத்தவில்லை. உங்கள் ஆதாரை எடுத்துக்கொண்டு நீங்களே போய், உங்கள் பெயரில் வாங்குங்கள். ஒருவர் பெயரில் 9 இணைப்பு வரை வைத்துக்கொள்ளலாம், அதனால் தடை ஒன்றும் இல்லை. போகும் முன் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் ஏற்கெனவே எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்த்துவிடுங்கள். எப்போதோ எங்கேயோ கொடுத்த ஜெராக்ஸில் யாரோ சிம் வாங்கியிருந்தால் அங்கேயே புகார் செய்து நிறுத்தலாம்.

தம்பி சொன்னதில் இரண்டாவது பாதி, அதாவது உங்கள் போனிலேயே இன்னொரு சிம், அதைவிடப் பெரிய சிக்கல். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் நஷ்டம் கண்ணுக்கே தெரியாது. பெரும்பாலான இரட்டை சிம் போன்களில் இரண்டு சிம்மும் கால் வருவதற்காகக் காத்திருக்கும். ஆனால் ஒன்றில் பேச ஆரம்பித்ததும் மற்றது அடங்கிவிடும். நீங்கள் அம்மாவோடு இருபது நிமிடம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் ஈரோட்டுக் கடைக்காரர் வியாபார நம்பருக்கு அடித்தால், 'நீங்கள் தொடர்பு கொள்ளும் வாடிக்கையாளர் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்' என்று அவருக்குக் கேட்கும். உங்கள் திரையில் மிஸ்டு கால் கூட விழாது. கம்பெனியிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். வந்தால் உண்டு. அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார், ஆர்டர் போனதே உங்களுக்குத் தெரியாது. ஒரே சிம்மில் என்றால் கால் வெயிட்டிங் சத்தம் கேட்கும், எடுக்காவிட்டாலும் நம்பர் பதிவாகியிருக்கும்.

ஆகவே தனி போன். புதிதாக, விலை அதிகமாக வேண்டாம். வீட்டில் ஒதுக்கி வைத்திருக்கும் பழைய 4ஜி ஆண்ட்ராய்டு போன் பேட்டரி நன்றாக இருந்தால் போதும். அது வியாபாரத்துக்கு மட்டும். மிக்ஸி, மாவு மெஷின் ஓடும்போது ரிங் கேட்காது என்றால் வைப்ரேட்டில் போட்டு மடியில் செருகிக்கொள்ளுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் சைலன்ட்டில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டால் வீட்டுக்காரரும் நிம்மதியாகத் தூங்குவார், நீங்களும் தூங்கலாம்.

அந்த போனில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் போடுங்கள். இலவசம்தான். பொடி வகைகளைப் படத்தோடும் விலையோடும் கேட்டலாக்கில் ஏற்றிவிடலாம். வேலை நேரம் குறிப்பிடலாம். இரவில் யார் செய்தி அனுப்பினாலும், 'காலை 9 மணிக்குப் பதில் தருகிறோம்' என்று தானாகவே போகும்படி செய்யலாம். இதே கணக்கை இன்னும் நான்கு சாதனங்களில் இணைக்க முடியும் என்பதால், நீங்கள் வறுத்துக்கொண்டிருக்கும்போது வீட்டில் வேறு யாராவது கம்ப்யூட்டரில் பதில் போடலாம். ஒரு எச்சரிக்கை: சிம்மை ஒரு பட்டன் போனிலும் வாட்ஸ்அப்பை இன்னொரு போனிலும் வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் பக்கம் நிறைய இருக்கிறது. இந்த மாதிரி செயலிகள் சிம் இருக்கும் போனில்தான் இயங்க வேண்டும் என்று 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டிருக்கிறது. இரண்டையும் ஒரே போனில் வைத்துவிடுங்கள்.

இப்போது மாமனார். அவர் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. 04285 என்று பார்த்ததும் இது கோபி வீடு, நாளைக்கும் அதே இடத்தில் இருப்பார்கள் என்று வயதானவர்களுக்கும் மொத்தக் கடைக்காரர்களுக்கும் ஒரு நம்பிக்கை வரும். ஆனால் அவர் மனதில் இருக்கும் லேண்ட்லைன் வேறு, இன்றைக்குக் கிடைக்கும் லேண்ட்லைன் வேறு. பழைய செம்புக் கம்பி இணைப்புக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வந்துகொண்டிருக்கும். ஊரே இருட்டாக இருந்தாலும் போன் அடிக்கும். இப்போது புதிதாகக் கேட்டால் பெரும்பாலும் ஃபைபர்தான் தருவார்கள். வீட்டில் கரண்ட் போனால் மோடம் அணையும், அதோடு போனும் ஊமை. ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யு.பி.எஸ். வாங்கி வைத்தால் இதைச் சமாளிக்கலாம்.

அதைவிட முக்கியமான குறைகள் வேறு. லேண்ட்லைனை நீங்கள் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பார்சல் போடப் போக முடியாது. அதற்கு ஓ.டி.பி. வராது, யு.பி.ஐ. கிடையாது. செல்போனில் இருப்பது போல் நம்பரை வைத்துக்கொண்டு கம்பெனி மாறும் வசதியும் லேண்ட்லைனுக்கு இல்லை. சேவை சரியில்லை என்று விலகினால் நம்பர் போய்விடும். வீடு மாறினாலும் அதே நம்பர் கிடைக்குமா என்பது இடத்தைப் பொறுத்தது. வாட்ஸ்அப் பிசினஸை லேண்ட்லைன் நம்பரில் தொடங்க முடியும், சரிபார்ப்பு எண்ணைக் கால் மூலம் சொல்வார்கள். ஆனால் நான் மேலே சொன்ன உத்தரவுக்குப் பிறகு, சிம்மே இல்லாத நம்பரில் வாட்ஸ்அப் வைத்து அதன் மேல் தொழில் நடத்த நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

வீட்டுக்கு எப்படியும் பிராட்பேண்ட் போடப் போகிறீர்கள் என்றால் அதோடு லேண்ட்லைன் நம்பரும் சேர்ந்தே கிடைக்கும். அதை வாங்கி லேபிளில் இரண்டாவது நம்பராகச் சின்ன எழுத்தில் போடுங்கள், மாமனாருக்கும் திருப்தி. பகலில் வீட்டிலிருக்கும் அவரே அதை எடுத்துப் பேசலாம். ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லிவையுங்கள்: 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்குப் பேச முன்னால் பூஜ்யம் சேர்க்க வேண்டும். பிராட்பேண்ட் தேவையில்லை என்றால் வெறும் நம்பருக்காக மாதாமாதம் பணம் கட்ட வேண்டாம்.

1800 கம்பெனிக்காரருக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதில் கூப்பிடுகிறவருக்குத்தான் இலவசம். வரும் ஒவ்வொரு காலுக்கும் காசு உங்களுடையது. இன்று செல்போனில் பெரும்பாலோருக்கும் கால் கணக்கே இல்லாத ரீசார்ஜ் இருக்கும்போது, இலவசம் என்பதற்காக யாரும் கூடுதலாகக் கூப்பிடப் போவதில்லை. 'தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்' என்று சொல்கிற கணினி நம்பர்களும் இதே ரகம். ஆர்டர் எடுக்க மூன்று நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் நிலை வரும்போது யோசிக்கலாம். அப்போதும் முதலில் கேட்க வேண்டியது, அந்த நம்பர் யார் பெயரில் ஒதுக்கப்படுகிறது, அவர்களை விட்டு விலகினால் நம்பர் என்னோடு வருமா என்பதை. எழுத்தில் பதில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

சரி, எந்த கம்பெனி. பேப்பர் விளம்பரமும் தெருமுனையில் குடை போட்டு சிம் விற்பவர் சொல்வதும் இதற்கு உதவாது. உங்கள் வேலை எங்கே நடக்கிறதோ அங்கே சிக்னல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வாசல் திண்ணையில் நான்கு கோடு காட்டும் போன், கான்கிரீட் தளம் போட்ட பின்கட்டு அறையில் ஒன்றுகூடக் காட்டாமல் போகும். ஜியோ, ஏர்டெல், வி, பி.எஸ்.என்.எல். நான்கையும் அக்கம்பக்கத்தில் யாராவது வைத்திருப்பார்கள். அவர்களை ஒரு டீ சாப்பிடக் கூப்பிட்டு, நீங்கள் பொடி அரைக்கும் இடத்தில் நின்று ஒரு கால் பேசச் சொல்லுங்கள். காலையில் ஒரு தடவை, எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் இரவு எட்டு மணிக்கு ஒரு தடவை. இரண்டு நேரமும் குரல் உடையாமல் கேட்கிற கம்பெனியை எடுங்கள். பி.எஸ்.என்.எல். விலை குறைவாக இருக்கிறது, 2025 செப்டம்பரில் 4ஜியும் அறிமுகமானது. உங்கள் பின்கட்டில் எடுத்தால் தாராளமாக அதையே வாங்கலாம். எடுக்கவில்லை என்றால் விலை குறைவால் பயனில்லை. வீட்டில் வைஃபை இருந்தால் இன்னொரு வழியும் உண்டு: போன் செட்டிங்கில் வைஃபை காலிங் என்பதை ஆன் செய்தால் டவர் இல்லாத அறையிலும் சாதாரண கால் வைஃபை வழியாக வரும், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. கம்பெனியும் போனும் இரண்டுமே அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

தேர்ந்தெடுத்தது பிற்பாடு சரிப்படவில்லை என்றால், வாங்கி 90 நாள் ஆன பிறகு மாறலாம். போர்ட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடம் விட்டு உங்கள் நம்பரைச் சேர்த்து 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் ஒரு ரகசியக் குறியீடு வரும். அதை எடுத்துக்கொண்டு புதிய கம்பெனிக்குப் போனால் தமிழ்நாட்டுக்குள் 3 வேலை நாளில் முடியும். யாராவது போன் செய்து அந்தக் குறியீட்டைக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள், அது உங்கள் நம்பரைக் கொண்டுபோகும் வழி.

ப்ரீபெய்டா போஸ்ட்பெய்டா என்றும் அடுத்து கேட்பீர்கள். ஜி.எஸ்.டி. பதிவு வைத்திருப்பவருக்குத்தான் மாத பில்லால் வரிக் கழிவு லாபம் உண்டு. உங்களுக்கு அது இல்லை என்றால் ப்ரீபெய்டு போதும். அதில் உள்ள ஒரே ஆபத்து மறதி. தீபாவளி ஆர்டர் மும்முரத்தில் ரீசார்ஜ் தேதி தாண்டிவிட்டால் முதலில் பேச முடியாது, பிறகு வரும் காலும் நிற்கும், அப்படியே விட்டால் நம்பர் ரத்தாகும். ரத்தான நம்பரை 90 நாள் சும்மா வைத்திருந்துவிட்டு வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் லேபிளைப் பார்த்துக் கூப்பிடுபவர்கள் எல்லாரும் அவரிடம் சத்துமாவு கேட்பார்கள். அதனால் 28 நாள் ரீசார்ஜ் வேண்டாம். கையில் பணம் இருக்கும் மாதத்தில் ஒரு வருடத்துக்குப் போட்டுவிடுங்கள். 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் விலை ஏற்றிய பிறகு வருட ரீசார்ஜ் கை கடிக்கத்தான் செய்கிறது. ஆனால் டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜும் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டது. வீட்டில் வைஃபை இருக்கிறவர்களுக்கு அது கட்டுப்படியாகும். கடையில் கேட்டு வாங்க வேண்டும், அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

இந்த நம்பரோடு எது ஒட்டியிருக்கக் கூடாது என்றேன். உங்கள் நகைக்கடன், சேமிப்பு, குடும்பப் பணம் இருக்கும் வங்கிக் கணக்கு. லேபிளில் அச்சாகும் நம்பர் ஊர் முழுக்கப் போகும், மோசடிக்காரன் கைக்கும் போகும். ஆனால் கஸ்டமர்கள் அந்த நம்பருக்கே பணம் அனுப்பத்தான் பார்ப்பார்கள், அதைத் தடுக்க முடியாது. எனவே வியாபாரத்துக்கென்று தனிக் கணக்கு ஒன்று திறந்து, இந்த நம்பரையும் யு.பி.ஐ.யையும் அதில் மட்டும் இணையுங்கள். வாரம் ஒரு முறை வந்த பணத்தைப் பெரிய கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

வீட்டுத் தொழில் செய்யும் பெண்களைக் குறிவைத்து வரும் ஒரு மோசடியைச் சொல்லிவிடுகிறேன். 'ராணுவ முகாமிலிருந்து பேசுகிறேன், 50 கிலோ சத்துமாவு வேண்டும்' என்று பெரிய ஆர்டர் வரும். விலை பேசமாட்டார்கள். முன்பணம் அனுப்புகிறேன் என்று ஒரு க்யூ.ஆர். கோடு அனுப்பி, 'ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள், பணம் வந்துவிடும்' என்பார்கள். பணம் வாங்க பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. போட்டால் உங்கள் பணம்தான் போகும். அதேபோல் நட்சத்திரக் குறியோடு 401 என்று ஆரம்பிக்கும் ஏதாவது ஒன்றை டயல் செய்யச் சொன்னால் செய்யாதீர்கள், உங்களுக்கு வரும் காலையெல்லாம் அவன் போனுக்குத் திருப்பிவிடும் வேலை அது. ஏமாந்துவிட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே 1930-க்கு அடிக்க வேண்டும்.

நீங்களும் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். புது போன் கையில் வந்ததும், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் எஸ்.எம்.எஸ். தட்டிவிடலாம், வரிசையாகக் கூப்பிட்டு விளம்பரம் சொல்லலாம் என்று தோன்றும். சாதாரண பத்து இலக்க நம்பரிலிருந்து விளம்பரக் கால் செய்வது விதிப்படி தவறு. யாராவது புகார் கொடுத்தால் நம்பரே துண்டிக்கப்படலாம். உங்களிடம் ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் அனுப்புங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும்.

கடைசியாகப் பழைய கஸ்டமர்கள். வீட்டுக்காரர் நம்பரையே வியாபாரத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அவருக்குப் புது சிம் வாங்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அவருடைய ஆதார், வங்கி, கேஸ், மில்லில் கொடுத்திருப்பது எல்லாம் அந்த நம்பரில்தான் இருக்கும். அத்தனையையும் மாற்றும் அலைச்சலுக்கு, கஸ்டமர்களை மாற்றுவது சுலபம். அவர் வாட்ஸ்அப்பில் இருக்கும் 'நம்பரை மாற்று' வசதியைத் தொடாதீர்கள். அது அவருடைய கணக்கையே புது நம்பருக்கு நகர்த்திவிடும். கால் ஃபார்வர்டும் வேண்டாம், மில் சூப்பர்வைசர் உங்களிடம் பேசிக்கொண்டிருப்பார். முதலில் புது போனில் கணக்கைத் தொடங்கி, பழைய ஆர்டர் செய்திகளைப் பார்த்து ஒவ்வொருவர் பெயரையும் அதில் சேமியுங்கள். பிறகு அவர் போனிலிருந்தே அவர்களுக்கு ஒரு செய்தி போகட்டும், ஏனென்றால் தெரியாத நம்பரிலிருந்து வருவதை இப்போது யாரும் நம்புவதில்லை: 'பொடி ஆர்டருக்கு இனி இந்த நம்பர், உங்கள் போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.' அன்று மாலையே நீங்கள் புது நம்பரிலிருந்து வணக்கம் சொல்லி விலைப்பட்டியலை அனுப்புங்கள்.

எல்லாரும் மாறிவிடமாட்டார்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு அவருக்குக் கால் வந்துகொண்டுதான் இருக்கும். ஷிப்டில் இல்லாதபோது வந்தால், ஆர்டரை அவர் எழுதிக்கொள்ளக் கூடாது. நம்பரைச் சொல்லி அங்கே கூப்பிடச் சொல்ல வேண்டும். மனது கேட்காமல் அவர் ஆர்டர் எடுக்க ஆரம்பித்தால் வருடம் முழுக்க அவருக்குத்தான் கால் வரும். மீதமிருக்கும் பழைய பாக்கெட்டுகளில் புது நம்பரை ஒரு சின்ன ஸ்டிக்கரில் அடித்து, பழைய நம்பரை மறைத்தபடி ஒட்டி அனுப்புங்கள்.